சின்ன வெங்காயத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசு சத்துக்கா, ருசிக்கா?

தேனி மலர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கு தீராமல் ஓடிக்கொண்டிருக்கிறது. என் மாமியார் பல்லாரியை, அதாவது பெரிய வெங்காயத்தை, வாங்கவே விடமாட்டார். "அதில் இருக்கிறது பூராவும் தண்ணிதான், சத்தெல்லாம் சின்ன வெங்காயத்தில்" என்பது அவர் கட்சி. எங்கள் சந்தையில் இப்போது சின்ன வெங்காயம் பல்லாரியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விற்கிறது. உரிக்கிற வேலையும் என் தலையில்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சத்தில் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா? பச்சையாகச் சாப்பிட்டால்தான் பலனா, வதக்கினால் எல்லாம் போய்விடுமா? தினமும் குடும்பக் குழுவில் வருகிற செய்திகளில் வெங்காயம் சர்க்கரையைக் குறைக்கிறது, அடைப்பை நீக்குகிறது, முடி வளர்க்கிறது. இதில் எது நிஜம், எது கதை?

"பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை வீட்டிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

---

கொல்லிமலைக் காற்று

உரிக்கிறவருக்குக் கண்ணீர், சாப்பிடுகிறவருக்குச் சத்து. என் ஓட்டு மாமியாருக்கே.

---

சோதனைக்குழாய்

உயிர்வேதியியல் பாடம் எடுக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி 100 கிராம் பெரிய வெங்காயத்தில் சுமார் 89 கிராம் தண்ணீர். ஷாலட் என்ற பெயரில் அவர்கள் போட்டிருப்பது நம் சின்ன வெங்காயத்தின் நெருங்கிய உறவு. அதில் தண்ணீர் சுமார் 80 கிராம். அதாவது உலர்ந்த சரக்கு ஒன்றில் 11 கிராம், மற்றதில் 20 கிராம். கலோரி 40க்கு 72. புரதம் 1.1 கிராமுக்கு 2.5. பொட்டாசியம் 146 மில்லிகிராமுக்கு 334. நார்ச்சத்து 1.7க்கு 3.2. ஆக, உங்கள் மாமியார் சொன்ன "தண்ணி" வாதம் அட்டவணையில் அப்படியே நிற்கிறது. எடைக்கு எடை பார்த்தால் சின்னதில் சரக்கு அதிகம். விலையும் இரண்டு மடங்கு என்றால் காசுக்குக் காசு கிட்டத்தட்ட சரியாகிவிடுகிறது, அது வேறு.

ஆனால் வைட்டமின் சி இரண்டிலும் ஒன்றுதான், 7.4க்கு 8 மில்லிகிராம். இரும்பு சின்னதில் 1.2 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் பெண்களுக்குச் சொன்ன தினத் தேவை 29 மில்லிகிராம். நாம் ஒரு நாளில் சாப்பிடுவது ஒரு கைப்பிடி வெங்காயம். அதில் கிடைக்கும் இரும்பை வைத்து ரத்தசோகை தீராது. வைட்டமின் சி வேண்டுமென்றால் ஒரு கொய்யாப் பழம் போதும், 100 கிராமிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

எனவே வைட்டமின், தாது என்று பார்த்து வெங்காயத்துக்கு மார்க் போட்டால் இரண்டு வெங்காயமும் சுமார்தான். வெங்காயத்தின் சங்கதி வேறு இடத்தில் இருக்கிறது: கந்தகச் சேர்மங்கள், குவெர்செட்டின், ஃபிரக்டான். இந்த மூன்றும் சத்து அட்டவணையின் முதல் பக்கத்தில் வராது. இரவு எழுதுகிறேன், இப்போது வகுப்பு.

---

மூலிகை முத்து

அட்டவணையை வைத்து உணவை அளப்பதே தப்பு. வெங்காயத்தில் அல்லிசின் இருக்கிறது. அது கிருமிநாசினி, ரத்த அழுத்தம் குறைக்கும், புற்றுநோயைக்கூடத் தடுக்கும். நம் முன்னோர் தெரியாமலா பழைய சோற்றுக்கு வெங்காயம் கடித்தார்கள்?

---

பட்டறைக்காரன்

பெரம்பலூர்ப் பக்கம் வெங்காயம் போடுகிறவன் நான். வாங்குகிறவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரே வயல், ஒரே விதை வெங்காயம், ஆனாலும் பட்டத்துக்குப் பட்டம் காரம் மாறும். அறுவடைக்கு முன்னால் தண்ணீர் கட்டிக்கொண்டே இருந்தால் காய் பருக்கும், எடை நிற்கும், ஆனால் சப்பென்று இருக்கும், சேமித்து வைக்கிற பட்டறையிலும் தாங்காது. தாள் காய்ந்து சாய்கிறபோது தண்ணீரை நிறுத்திப் பிடுங்கினால் எடை குறையும், காரம் ஏறும், மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். வியாபாரி எடைக்குத்தான் காசு தருகிறார், காரத்துக்கு இல்லை. அதனால் சின்ன வெங்காயம் என்றாலே ஒரே தரம் என்று நினைக்காதீர்கள். நசுக்கிப் பார்த்து வாங்குங்கள். கழுத்து ஈரமாக, தடியாக இருந்தால் காயாத சரக்கு.

---

சாம்பார் சட்டி

சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். சத்து எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு கேள்வி ரொம்ப நாளாக இருக்கிறது. சாம்பாருக்குச் சின்ன வெங்காயத்தை முழுசாகப் போட்டு வதக்கினால் இனிக்கிறது. அதையே நறுக்கிப் போட்டால் அந்த இனிப்பு வருவதில்லை, வேறு மாதிரி மணம் வருகிறது. ஒரே வெங்காயம், ஒரே எண்ணெய். ஏன்?

---

சோதனைக்குழாய்

சாம்பார் சட்டியின் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முழு வெங்காயத்துக்கு வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. எரிச்சல் பொருள் அதில் முன்கூட்டியே இல்லை. செல்லின் ஒரு பகுதியில் ஐசோஅல்லின் என்ற கந்தகம் கொண்ட பொருள் இருக்கிறது. இன்னொரு அறையில் அல்லினேஸ் என்ற நொதி தனியாக அடைபட்டுக் கிடக்கிறது. கத்தி பட்டதும் அறைச் சுவர் உடைகிறது, இரண்டும் கலக்கின்றன, சில நொடிகளில் புதுப் பொருள்கள் பிறக்கின்றன. அதில் ஒன்றுதான் கண்ணீர் வரவழைக்கும் ஆவி. அந்த ஆவியை உண்டாக்க இரண்டாவதாக ஒரு நொதியும் தேவை என்று 2002இல் ஜப்பானின் ஹவுஸ் ஃபுட்ஸ் என்ற உணவு நிறுவனத்தார் கண்டுபிடித்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அதுவரை அல்லினேஸ் ஒன்றே போதும் என்றுதான் பாடப் புத்தகங்களில் இருந்தது. இதற்கு 2013இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுக்குத் தருகிற பரிசு அது. கண்ணீர் வராத வெங்காயத்தையும் அதே நிறுவனம் பிறகு விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இப்போது சாம்பாருக்கு வருவோம். முழுசாக வதக்கும்போது செல் உடைவதற்கு முன்பே சூடு உள்ளே போய் நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. பிறகு கரண்டி பட்டு உடைந்தாலும் வேதிவினை நடக்காது. காரம் பிறக்கவே இல்லை என்பதால் உள்ளே இருக்கும் சர்க்கரை மட்டும் நாக்குக்குத் தெரிகிறது. நறுக்கியதில் வினை முடிந்து, கந்தகச் சேர்மங்கள் எண்ணெயில் வறுபட்டு அடுத்தடுத்து மாறி வேறு மணம் தருகின்றன.

மூலிகை முத்து ஐயாவுக்கு: அல்லிசின் பூண்டின் சரக்கு. பூண்டில் இருக்கும் மூலப்பொருள் அல்லின், வெங்காயத்தில் இருப்பது பெரும்பாலும் ஐசோஅல்லின். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் நறுக்கியதும் பிறக்கும் பிள்ளைகள் வேறு. பூண்டு நறுக்கினால் கண் எரியாததற்கும் அதுதான் காரணம். பூண்டில் செய்த ஆராய்ச்சியை வெங்காயத்தின் கணக்கில் எழுதுவது குடும்பக் குழுச் செய்திகளின் வழக்கம்.

பட்டறைக்காரன் அண்ணன் சொன்ன காரம் ஏறி இறங்குவதும் இதோடு பொருந்துகிறது. கந்தகம் மண்ணிலிருந்துதான் வர வேண்டும். கந்தகம் குறைந்த மண்ணில் விளைந்தால் இனிப்பு வெங்காயம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து விடாலியா வெங்காயம் பெயர் வாங்கியது அப்படித்தான்.

---

நல்லூர் வாசல்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் வெங்காயம் என்றாலே சின்னதுதான், பெரியதைப் பம்பாய் வெங்காயம் என்று தனியாகச் சொல்லுவம். செம்மண் தோட்டத்து வெங்காயத்தை இடிச்சுச் சம்பல் போட்டால் மூக்கில் ஏறும். பம்பாய் வெங்காயத்தில் அது வராது. ஒரு சந்தேகம்: சின்ன வெங்காயத்தை வெட்டி எலுமிச்சம் புளி விட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் நல்ல ரோசா நிறம் வருகுது. ஆனால் அதையே சோடாப்பூ போட்ட மாவில் போட்டால் நீலமும் பச்சையுமாய்ப் போகுது. சாப்பிடலாமோ?

---

சோதனைக்குழாய்

தாராளமாகச் சாப்பிடலாம். சிவப்பு நிறம் ஆந்தோசயனின். புளிப்பில் ரோஜா நிறம், சோடாப்பூ தரும் காரத்தன்மையில் நீலம், பச்சை. லிட்மஸ் தாள் செய்கிற வேலைதான். பள்ளி ஆசிரியர்கள் யாராவது இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

நிறத்தைத் தொட்டதால் குவெர்செட்டினையும் சொல்லிவிடுகிறேன். இது மஞ்சள் சாயம். வெங்காயத் தோலைக் கொதிக்க வைத்துத் துணிக்கும் முட்டைக்கும் சாயம் ஏற்றுகிறார்களே, அந்தச் சாயத்தில் முக்கியப் பங்கு இதற்கு. சிவப்பு, மஞ்சள் வெங்காயங்களில் 100 கிராமுக்குப் பெரும்பாலும் 20 முதல் 50 மில்லிகிராம் என்ற அளவில் இருக்கிறது. ரகம், மண், வெயில் பார்த்துக் கூடும், குறையும். வெள்ளை வெங்காயத்தில் மிகமிகக் குறைவு. ஒரே வெங்காயத்தில்கூட வெளிப்பக்கத்தில் அதிகம், உள்ளே போகப் போகக் குறைவு. அதனால் உரிக்கும்போது காய்ந்த தோலோடு சதைப் பிடிப்புள்ள முதல் அடுக்கையும் சேர்த்து எறிகிறோமே, நல்ல சரக்கில் பெரும்பங்கு குப்பைக்குப் போகிறது. சின்ன வெங்காயத்தில் இந்த நஷ்டம் இன்னும் அதிகம்.

இது உடம்பில் சேருகிறதா என்பது அடுத்த கேள்வி. 1995இல் நெதர்லாந்தில், பெருங்குடல் அகற்றப்பட்ட 9 பேரிடம் அளந்து பார்த்தார்கள். பெருங்குடல் இல்லாததால் அங்குள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துக் கணக்கைக் குழப்ப வழியில்லை. வெங்காயத்தில் உள்ள வடிவத்தில், அதாவது சர்க்கரை மூலக்கூறு ஒட்டிய வடிவத்தில், சுமார் 52 சதவீதம் உறிஞ்சப்பட்டது. தனிக் குவெர்செட்டினாகக் கொடுத்தபோது 24தான். கடைகளில் குவெர்செட்டின் மாத்திரை வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வதக்கினால் போய்விடுமா என்று மலர் கேட்டிருந்தார். குவெர்செட்டின் சூட்டுக்கு அவ்வளவு எளிதில் அழியாது. கருக்கினால்தான் போகும். வேக வைத்தால் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரைச் சாம்பாராக, குழம்பாகக் குடிக்கிறோம் என்றால் நஷ்டமே இல்லை. வேறு விதமாகச் சொன்னால், நறுக்கிய வெங்காயத்தை உப்புப் போட்டுப் பிசைந்து, கழுவிப் பிழிந்து பச்சடி போடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

---

தேனி மலர்

சார், அப்போ பச்சையாகச் சாப்பிட்டால் என்ன லாபம்? வதக்கினாலும் குவெர்செட்டின் இருக்கிறதே.

---

சோதனைக்குழாய்

கந்தகச் சேர்மங்கள் பச்சையில்தான் முழுசாகக் கிடைக்கும். ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதைப் பச்சை வெங்காயச் சாறு குறைக்கிறது, வேகவைத்தது குறைப்பதில்லை என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அது சோதனைக் குழாயில் நடந்தது. தட்டில் இரண்டு துண்டு வெங்காயம் வைத்துச் சாப்பிடுகிறவரின் ரத்த நாளத்தில் அதே அளவு நடக்கும் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

மனிதர்களிடம் பார்த்ததில் பெயர் பெற்றது நெதர்லாந்தின் சூட்ஃபன் ஊர் ஆய்வு, 1993இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 65 முதல் 84 வயது வரையுள்ள 805 ஆண்கள். உணவில் ஃபிளவனாய்டு (குவெர்செட்டின் சேர்ந்த குடும்பம்) அதிகம் எடுத்தவர்களிடம் மாரடைப்புச் சாவு குறைவாக இருந்தது. அவர்களுக்கு அந்த ஃபிளவனாய்டு வந்த வழி: தேநீரில் இருந்து 61 சதவீதம், வெங்காயத்தில் இருந்து 13, ஆப்பிளில் இருந்து 10. இதைத்தான் "வெங்காயம் மாரடைப்பைத் தடுக்கும்" என்று சுருக்கி அனுப்புகிறார்கள். தேநீரை ஏன் விட்டார்களோ! மேலும் இது கவனித்துப் பார்த்த ஆய்வு. தேநீரும் பழமும் காயும் எடுக்கிறவர்களின் மற்றப் பழக்கங்களும் வேறாக இருந்திருக்கலாம்.

---

கூழ்ப்பானை

கம்பங்கூழுக்குச் சின்ன வெங்காயம் கடிப்பதில் ஏதாவது அறிவியல் இருக்கிறதா, இல்லை வெறும் தொட்டுக்கைதானா? நான் கூழ்க் கடை போட்டிருக்கிறேன். வெங்காய விலை ஏறினால் சில நாள் மோர் மிளகாயோடு நிறுத்திக்கொள்வேன். அன்றைக்கு ஆட்கள் முகம் சுளிப்பார்கள்.

---

சோதனைக்குழாய்

இந்த இழையில் நான் எழுதக் காத்திருந்த கேள்வி இதுதான்.

தானியத்தில் இரும்பு, துத்தநாகம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஃபைட்டேட் என்ற பொருள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குடல் உறிஞ்சுவது கொஞ்சம்தான். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் அரிசி, சோளம் போன்ற தானியங்களோடும் பயறுகளோடும் வெங்காயம், பூண்டு சேர்த்து, செரிமானத்தைப் போலச் செய்துகாட்டும் முறையில் சோதித்தார்கள். 2010இல் வெளியானது. வெங்காயமோ பூண்டோ சேர்ந்தபோது, உறிஞ்சத் தகுந்த வடிவில் வெளிவரும் இரும்பும் துத்தநாகமும் கணிசமாகக் கூடின. பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும் கூடின என்பது கவனிக்க வேண்டியது. இதுவும் ஆய்வகச் சோதனைதான், மனித ரத்தத்தில் அளந்தது இல்லை. ஆனாலும் எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. வெங்காயத்தில் எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று பார்த்து அதைக் குறைவாக எடைபோட்டோம். பக்கத்தில் இருக்கும் கூழின் இரும்பை அது விடுவித்துக் கொடுக்கிறது என்றால் அந்தக் கணக்கு அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் வராது.

கூழ் புளிக்கும்போதும் ஃபைட்டேட் குறைகிறது. ஆகவே புளித்த கூழும் வெங்காயமும் ஒரே வேலையை இரண்டு பக்கத்தில் இருந்து செய்கின்றன. மோர் மிளகாய் ருசிக்குச் சரி, இந்த வேலைக்கு ஆகாது.

---

மூலிகை முத்து

கடைசியில் முன்னோர் சொன்னதற்கே வந்து சேர்ந்தீர்கள். இதைத்தானே நான் மேலே சொன்னேன்?

---

சோதனைக்குழாய்

பழைய சோற்றுக்கும் கூழுக்கும் வெங்காயம் நல்லது என்றீர்கள், அதில் சண்டையே இல்லை ஐயா. புற்றுநோயைத் தடுக்கும் என்றீர்கள், அதற்குத்தான் நான் தலையாட்டவில்லை.

---

வயிறு சரியில்லை

எல்லோரும் புகழ்கிறீர்கள். வெங்காயம் சாப்பிட்டால் எனக்கு வயிறு உப்பி, வாயுவால் இரவு தூக்கம் போகிறது. குடல் எரிச்சல் நோய்க்குறி என்று மருத்துவர் சொன்னார். வெங்காயம் இல்லாமல் ஒரு தமிழன் என்னதான் சாப்பிடுவது?

---

வார்டு அக்கா

தம்பி, நான் செவிலியர். எங்கள் உணவு ஆலோசகர் சொல்லிக் கேட்டதை வைத்துச் சொல்கிறேன். வெங்காயம் தன் சர்க்கரையை மாவுச்சத்தாகச் சேமிப்பதில்லை, ஃபிரக்டானாகச் சேமிக்கிறது. அதைச் செரிக்க மனிதக் குடலில் நொதி கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. பெரும்பாலோருக்கு அது நல்லது, நல்ல பாக்டீரியா பெருகும். உன்னைப்போல் குடல் கூருணர்ச்சி உள்ளவர்களுக்கு அந்த வாயுவே தொல்லை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவு முறையில் முதலில் நிறுத்தச் சொல்வதில் வெங்காயமும் பூண்டும் உண்டு.

வழி இருக்கிறது. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பெரிய துண்டாக வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் தாளி. மணம் வரும், தொல்லை வராது. ஆனால் குழம்பில் போட்டு வேகவைத்துப் பிறகு வெங்காயத்தை மட்டும் ஒதுக்குவதில் பலன் இல்லை, ஃபிரக்டான் குழம்பில் இறங்கியிருக்கும். இன்னொன்று, வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியில் ஃபிரக்டான் குறைவு. அது பலருக்கு ஒத்துக்கொள்கிறது. எதையும் நிரந்தரமாக நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் பேசிவிடு.

---

பட்டறைக்காரன்

தாள் பற்றிச் சொன்னீர்களே அக்கா, நல்லது. விலை இறங்கினால் நாங்கள் இளசிலேயே தாளோடு கட்டு கட்டி விற்றுவிடுவோம். டவுனில்தான் ஃபிரைடு ரைஸுக்கு மட்டும் வாங்குகிறார்கள். எங்கள் வீட்டில் பருப்புப் போட்டுக் கூட்டு வைப்போம்.

---

சோதனைக்குழாய்

சத்துப் பட்டியலில் தாள்தான் கிழங்கை முந்துகிறது. வைட்டமின் சி சுமார் 19 மில்லிகிராம், கிழங்கைப்போல இரண்டரை மடங்கு. ஃபோலேட் 64 மைக்ரோகிராம், பெரிய வெங்காயத்தில் 19தான். வைட்டமின் கே 200 மைக்ரோகிராமைத் தாண்டும், கிழங்கில் பெயருக்குத்தான் இருக்கிறது. கீரைக் கணக்கில் வைக்க வேண்டிய பொருள்.

---

வார்டு அக்கா

அந்த வைட்டமின் கே விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று தினம் ஒரு கட்டு தாள் சாப்பிடத் தொடங்க வேண்டாம். மாத்திரை வேலை குறையும். எப்போதும் சாப்பிடுகிற அளவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

---

சலவைக்கல்

முடி வளரும் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? எனக்குப் பின்னந்தலையில் வட்டமாகப் புழுவெட்டு வந்திருக்கிறது. சின்ன வெங்காயத்தை வெட்டித் தேய்க்கச் சொல்லிப் பாட்டி நச்சரிக்கிறார்.

---

சோதனைக்குழாய்

புழுவெட்டுக்கு மட்டும் ஒரு சின்ன ஆய்வு உண்டு. 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் வெளியிட்டது. வெங்காயச் சாறு தினம் இரண்டு வேளை தேய்த்த 23 பேரில் 20 பேருக்கு 6 வாரத்தில் முடி முளைத்தது. வெறும் தண்ணீர் தேய்த்த 15 பேரில் 2 பேருக்குத்தான் முளைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆட்கள் குறைவு. புழுவெட்டு தானாகவே சரியாகிற வழக்கமும் உண்டு. சாறு எரிச்சல் உண்டாக்கி, அதனால் அந்த இடத்தின் நோயெதிர்ப்புத் தாக்குதல் திசைமாறுகிறது என்பது ஒரு விளக்கம். இதைக் காட்டி வழுக்கைக்கு வெங்காய ஷாம்பு, வெங்காய எண்ணெய் விற்கிறார்களே, அதற்கும் இந்த ஆய்வுக்கும் சம்பந்தமே கிடையாது. வழுக்கை வேறு, புழுவெட்டு வேறு.

---

வார்டு அக்கா

தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணாகி வந்த பிள்ளைகளை வார்டில் பார்த்திருக்கிறேன். ரத்தம் வருகிற அளவுக்குத் தேய்க்க வேண்டும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தலையில் வட்டமாக முடி கொட்டினாலே புழுவெட்டு என்று இல்லை, படர்தாமரையாகவும் இருக்கலாம்.

---

கொல்லிமலைக் காற்று

வெங்காயத்தின் மேலே கறுப்பாகப் பொடி ஒட்டியிருக்கிறதே, அதுதான் கறுப்புப் பூஞ்சை நோய் என்று 2021இல் ஒரு செய்தி சுற்றியது. எங்கள் தெருவே ஒரு மாதம் வெங்காயம் வாங்கவில்லை. அப்புறம் நறுக்கிய வெங்காயம் காற்றிலுள்ள கிருமியை எல்லாம் உறிஞ்சும், அதனால் மிச்சம் வைக்கக் கூடாது என்பது இன்னொன்று. இதற்கும் ஒரு வழி சொல்லுங்கள் சார்.

---

சோதனைக்குழாய்

அந்தக் கறுப்புப் பொடி அஸ்பர்ஜிலஸ் நைஜர் என்ற பூஞ்சை. கறுப்புப் பூஞ்சை நோய் என்று சொன்ன மியூகார்மைகோசிஸை உண்டாக்குவது முற்றிலும் வேறு கூட்டம். அந்த ஆண்டு அந்த நோய் அதிகமானதற்குக் கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டு பயன்பாடும்தான் முக்கியக் காரணங்களாகப் பேசப்பட்டன. பொடி மேல்தோலில் மட்டும் இருந்தால் உரித்து, கழுவிப் பயன்படுத்தலாம். உள் அடுக்குவரை போயிருந்தால், அழுகியிருந்தால் தூக்கி எறியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பொடி பறக்காமல் உரிப்பது நல்லது.

நறுக்கிய வெங்காயம் கிருமியைத் தேடி இழுக்காது, அப்படி ஒரு வேலை அதற்குத் தெரியாது. மற்றக் காய்களைப்போல மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் சில நாள் நன்றாகவே இருக்கும். வெளியில் நாள் முழுக்க வைத்தால் எந்தக் காயும் கெடும்.

---

வாலாட்டி

கால்நடை மருத்துவம் படித்தவன். இழையில் மனிதருக்கு மட்டும் பேசிவிட்டீர்கள். நாய், பூனை வளர்க்கிறவர்கள் வெங்காயத்தைத் துளியும் கொடுக்காதீர்கள். நம்மைப் பாதிக்காத அதே கந்தகச் சேர்மங்கள் அவற்றின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பச்சை, வெந்தது, பொடி எதுவானாலும் ஒன்றுதான், வேகவைத்தால் நஞ்சு போகாது. நாய்க்கு உடல் எடை கிலோவுக்கு 15 முதல் 30 கிராமே ஆபத்து, பூனைக்கு 5 கிராம் போதும். சாப்பிட்ட அன்றே தெரியாது. சில நாள் கழித்துச் சோர்வு, ஈறு வெளுத்தல், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போதல் என்று வரும். பிரியாணி மிச்சத்தை அன்பாக வைக்கிறவர்கள்தான் அதிகம் கொண்டுவருகிறார்கள்.

---

தேனி மலர்

இது எனக்குத் தெரியவே தெரியாது! எங்கள் நாய்க்குத் தினமும் சாம்பார் சாதம்தான். இன்றோடு நிறுத்துகிறேன்.

---

வாலாட்டி

வெறும் சோறு, முட்டை, மஞ்சள் போட்ட கோழி வேகவைத்துக் கொடுங்கள். பூண்டும் வேண்டாம். நாய் சோர்ந்திருந்தால் மட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை.

---

மூலிகை முத்து

சர்க்கரை நோய்க்கு நல்லது என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா? என் மைத்துனர் காலையில் வெறும் வயிற்றில் வெங்காயச் சாறு குடிக்கிறார்.

---

வார்டு அக்கா

அண்ணா, உணவில் சேர்ப்பதைப் பற்றி யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மாவுச்சத்து இல்லாத காய், சர்க்கரை உள்ளவர்கள் தயக்கமில்லாமல் சாப்பிடலாம். ஆனால் சாறு குடிக்கிறவர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறாரா என்பதை மட்டும் விசாரியுங்கள். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பிரச்சினை சாறால் இல்லை, சாறை நம்பி மாத்திரையை விட்டதால். வெறும் வயிற்றில் பச்சைச் சாறு நெஞ்செரிச்சலையும் கிளப்பும்.

---

சோதனைக்குழாய்

மாவுச்சத்து இல்லை என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். உருளைக்கிழங்குத் துண்டில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகும். வெங்காயத்தில் விட்டால் அயோடின் பழுப்பாகவே இருக்கும். பிளஸ் ஒன்னில் வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்தோமே, அப்போதும் அயோடின்தான் போட்டோம். உட்கரு தெரிந்தது, நீலத் துகள் ஒன்றும் தெரியவில்லை.

---

சாம்பார் சட்டி

கல்யாண வேலைக்கு மூட்டை மூட்டையாக உரிக்க வேண்டும். கண்ணீர் வராமல் இருக்க ஒரு வழி சொல்லிவிட்டுப் போங்கள் சார். சூயிங்கம் மெல்லுவது, வாயில் தண்ணீர் வைத்துக்கொள்வது எல்லாம் என் ஆட்கள் செய்து பார்த்துவிட்டார்கள்.

---

சோதனைக்குழாய்

உரிப்பதற்கு: தோலோடு தண்ணீரில் ஊறவையுங்கள், சத்து இறங்காது, தோலும் வழுக்கிக் கழலும். நறுக்குவதற்கு: முன்கூட்டியே குளிர வைத்தால் நொதி மந்தமாகும், ஆவியும் குறையும். கத்தி கூராக இருக்க வேண்டும். மொக்கைக் கத்தி செல்களை நசுக்கும், நசுங்கினால் எரிச்சல் கூடும். மின்விசிறியை உங்கள் முதுகுப் பக்கம் இருந்து அடிக்க வையுங்கள், ஆவி உங்களை விட்டு விலகிப் போகும்.

---

தேனி மலர்

எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் முழு இழையையும் வாசித்துக் காட்டினேன். தண்ணீர்க் கணக்கு வந்த இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்போதைக்கு உடன்படிக்கை இது: பழைய சோறு, சாம்பார், வத்தக்குழம்புக்குச் சின்னது. பிரியாணி, குருமா, ஆம்லெட்டுக்குப் பல்லாரி. முதல் அடுக்கை எறியக் கூடாது என்பது எனக்கான நிபந்தனையாம்.

கடைசியாக ஒன்று. கூடையின் அடியில் கிடந்த சில வெங்காயம் முளைவிட்டிருக்கிறது. உருளைக்கிழங்கு முளைத்தால் ஆகாது என்கிறார்களே, இதற்கும் அதுதானா?

---

பட்டறைக்காரன்

இல்லை அம்மா. உருளைக்கிழங்கு முளைத்தாலோ பச்சை ஏறினாலோ நஞ்சு சேரும் என்பார்கள், வெங்காயத்தில் அந்தத் தொல்லை இல்லை. காய் சுருங்கி ருசி கொஞ்சம் போகும், அவ்வளவுதான். பிழிந்தால் கொழகொழவென்று இருந்தால் மட்டும் எறியுங்கள். உறுதியாக இருந்தால் தொட்டியில் ஊன்றிவிடுங்கள், தாள் கிள்ளிக்கொள்ளலாம். வெங்காயத்தை உருளைக்கிழங்கோடு ஒரே கூடையில் போடாதீர்கள், ஒன்றின் ஈரம் மற்றதைக் கெடுக்கும். நைலான் வலைப் பையில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் போதும்.